யாழ்ப்பாணத்தில் அருவி எங்கே பாய்கிறது? பிள்ளைகளின் கட்டுரைக்குப் புள்ளி போடுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்த் தினப் போட்டிகளில் சின்னப் பிள்ளைகளின் கட்டுரைகளைத் திருத்தும் நடுவர்களுக்கும், தரம் மூன்று முதல் ஐந்து வரை தமிழ் படிப்பிக்கும் ஆசிரியர்களுக்கும்,

வணக்கம்.

போன கார்த்திகையில் ஒரு பின்னேரம் என் பேத்தி தன் தமிழ்க் கொப்பியைக் கொண்டுவந்து என் மடியில் போட்டாள். தரம் நான்கில் படிக்கிறாள். ‘மழை நாள்’ என்று ஒரு கட்டுரை. கீழே சிவப்பு மையில் பத்துக்கு ஒன்பது, பக்கத்தில் ‘மிக நன்று’. பிள்ளைக்குப் பெரிய சந்தோசம். நானும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தேன்.

“வானம் இருண்டது. தென்றல் வீசியது. மலையிலிருந்து அருவி சலசலவெனப் பாய்ந்தது. மயில்கள் தோகை விரித்தாடின. உழவர்கள் உள்ளம் மகிழ்ந்தனர். மழை நாள் எனக்கு மிகவும் பிடிக்கும்.”

“எங்கையடி குஞ்சு அருவியைக் கண்டனீ?” என்று கேட்டேன்.

“நான் காணேல்லை அம்மம்மா. ரியூசனிலை தந்த கட்டுரையிலை இருந்தது.”

“அப்ப மயில்?”

“அதுவும் அதிலைதான்.”

மயிலை விடுங்கள், வன்னிப் பக்கம் போனால் வழியில் நிற்கும். அருவிக்கு நான் எங்கே போவேன்? குடாநாட்டில் மலை என்று பெயர் சொல்ல இருப்பது கீரிமலை. அங்கும் ஏறுவதற்கு ஒன்றுமில்லை, கேணிக்குள் இறங்கத்தான் படிகள். ஆறு என்று பெயர் சொல்ல வழுக்கையாறு இருக்கிறது, அது மாரியில் மட்டும் ஓடும். மற்றபடி எங்களது சுண்ணாம்புக்கல் நிலம். பெய்கிற மழையைக் குடித்துவிட்டுக் கிணற்றில்தான் காட்டும். அருவியைக் காணாத பிள்ளை அருவியைப் பற்றி எழுதவே கூடாது என்று நான் சொல்லவரவில்லை. கனவிலாவது கண்டிருந்தால் எழுதட்டும். இவள் கனவிலும் காணவில்லை.

அந்தக் கட்டுரை எழுதிய கிழமைதான் எங்கள் பக்கம் இரண்டு நாள் விடாமல் மழை பெய்திருந்தது. “சரி, அண்டைக்கு மழையிலை என்ன நடந்தது, சொல்லு பாப்பம்” என்றேன். கால்மணித்தியாலம் நிறுத்தாமல் சொன்னாள். ஒழுங்கையில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றதாம். இவளின் ஒற்றைப் பாட்டாச் செருப்பு கழன்று மிதந்து போயிற்றாம். துரத்திக்கொண்டு போக, படலையில் நின்று அப்பா சத்தம் போட்டாராம். பக்கத்து வீட்டு நாய் எங்கள் திண்ணையில் ஏறி, கோழிகளுக்குப் பக்கத்தில், ஒன்றும் செய்யாமல் மரியாதையாகப் படுத்திருந்ததாம். கிணற்றுத் தண்ணீர் குனிந்து கையால் அள்ளுகிற உயரத்துக்கு வந்துவிட்டதாம். இரவு கரண்ட் நின்ற பிறகு தவளைகள் கத்தினவே, அது எப்படி இருந்தது என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: “கனபேர் ஒரேயடியா வாய் கொப்பளிக்கிற மாதிரி.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை வருசம் மாரித் தவளையைக் கேட்டிருக்கிறேன், எனக்கு அப்படி ஒரு உவமை வந்ததில்லை.

“இதை ஏன் பிள்ளை எழுதேல்லை?”

“இதெல்லாம் கட்டுரையோ அம்மம்மா?”

இந்த மடலை எழுத வைத்தது அந்தக் கேள்விதான்.

முதலில் என் பக்கத்துக் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீங்கள் என்னை ஏதோ ஓய்வுபெற்ற பிறகு ஞானம் வந்தவள் என்று நினைப்பீர்கள். அது ஓரளவு உண்மையும்தான். வலிகாமத்தில் முப்பது வருசத்துக்கு மேல் ஆரம்பப்பிரிவில் படிப்பித்தேன். ‘எனது பாடசாலை’, ‘எங்கள் வீட்டுத் தோட்டம்’, ‘பனைமரம்’, ‘நான் விரும்பும் பெரியார்’ என்று கட்டுரைகளை நானே எழுதி, றோனியோ அடித்து, பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பாடமாக்க வைத்திருக்கிறேன். முன்னுரை, உடல், முடிவுரை. முடிவுரையில் ‘ஆகவே’ என்று கட்டாயம் வரவேண்டும். ஒரு பிள்ளை பாடமாக்கியதைப் பிசகாமல் எழுதினால் கெட்டிக்காரப் பிள்ளை. நடுவில் தன்னுடைய வசனம் ஒன்றை நுழைத்தால் கவனக்குறைவு. வலயத்தில் முதலாமிடம் எடுத்த என் பிள்ளைகளின் கட்டுரைகளில் எத்தனை அவர்களுடையவை என்று இப்போது கேட்டால், தலையைக் குனிவேன்.

அதைவிட ஒன்று இருக்கிறது. அதைச் சொல்ல இவ்வளவு காலம் எடுத்தது.

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு, போர் நெருங்கி வர, வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்ட சனத்தோடு நாங்களும் குடாநாட்டின் இன்னொரு பக்கமான தென்மராட்சிக்குப் போனோம். அடுத்த தை மாதம் மீசாலைப் பக்கம் ஒரு புளியமரத்துக்குக் கீழே வகுப்பு நடத்தினோம். இடம்பெயர்ந்த பிள்ளைகள்தான் முக்கால்வாசி. கரும்பலகை மரத்தில் சாத்தியிருக்கும், காற்றடித்தால் ஒரு பிள்ளை எழும்பிப் பிடிக்கவேண்டும். அன்றைக்கு நான் கொடுத்த தலைப்பு ‘எனது வீடு’. எந்த மூளையோடு அந்தத் தலைப்பைக் கொடுத்தேன் என்று இன்றைக்கும் விளங்கவில்லை. பாடத்திட்டத்தில் அடுத்தது அதுதான், கொடுத்துவிட்டேன். பெரும்பாலான பிள்ளைகள் பழைய வழக்கப்படி ‘எனது வீடு அழகானது, அதில் நான்கு அறைகள் உள்ளன’ என்று எழுதின. ஒரு பெடியன் மட்டும் நாலே வசனம் எழுதினான்.

“எங்கள் வீட்டின் திறப்பு அம்மாவிடம் இருக்கிறது. அம்மா அதைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் போட்டிருக்கிறா. குளிக்கும்போதும் கழற்றமாட்டா. வீட்டுக்குக் கதவு இருக்கிறதோ தெரியாது.”

நான் ‘போட்டிருக்கிறா’ என்பதற்கு மேல் சிவப்புக் கோடு கீறி ‘போட்டிருக்கிறார்’ என்று திருத்தினேன். ‘முன்னுரை, முடிவுரை இல்லை. வீட்டை விபரிக்கவில்லை’ என்று கீழே எழுதினேன். பத்துக்கு நான்கு போட்டேன். அவன் கொப்பியை வாங்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போய் இருந்தான். சித்திரையில் நாங்கள் ஊருக்குத் திரும்பினோம். அந்தக் குடும்பம் எங்கே போனது என்று தெரியாது. அவனுக்கு இப்போது நாற்பது வயதுக்குக் கிட்டவாக இருக்கவேண்டும்.

வீட்டை விபரிக்கவில்லையாம். அதைவிட ஒரு வீட்டை எப்படி விபரிப்பது?

நான் தனியாகச் செய்த பிழை என்று இதைச் சொல்லித் தப்பவும் முடியவில்லை, எல்லாரும் செய்கிற பிழை என்று சொல்லி ஆறவும் முடியவில்லை. தரம் மூன்று முடிந்தவுடன் வீட்டில் தரம் ஐந்துப் புலமைப்பரிசில் பரீட்சைப் பேச்சுத் தொடங்கிவிடுகிறது. கிராமத்துக் கெட்டிக்காரப் பிள்ளைகள் பெரிய பாடசாலைகளில் காசில்லாமல் படிக்கட்டும் என்று, கல்வி அமைச்சர் கன்னங்கரா காலத்து இலவசக் கல்வியோடு வளர்ந்து வந்த ஏற்பாடு அது. நோக்கத்தில் பிழை சொல்லமாட்டேன். ஆனால் ஒன்பது வயதுப் பிள்ளை காலையில் பாடசாலை, பின்னேரம் ரியூசன், இரவு மாதிரி வினாத்தாள் என்று ஓடுகிற வீட்டில், முற்றத்தில் இறங்கி எறும்பு போகிற வரிசையைப் பார்க்க யார் விடுவார்கள்? அதற்குப் புள்ளி இல்லையே. அதனால் மாதிரிக் கட்டுரை வருகிறது. முன்பு நான் றோனியோ அடித்தேன். பிறகு கட்டுரைக் கோவைகள் கடையில் வந்தன. பிறகு அம்மாமாரின் வாட்ஸ்அப் குழுவில் படமெடுத்து அனுப்பினார்கள். இப்போது போனிடம் தலைப்பைச் சொன்னால் அதுவே எழுதித் தந்துவிடுகிறதாம். அந்தக் கட்டுரையிலும் தென்றல்தான் வீசுகிறது, நான் பார்த்தேன்.

காற்றைப் பற்றிச் சொல்லாமல் மேலே போகமுடியாது. வைகாசி தொடங்கி எங்கள் தோட்டங்களில் புழுதியைக் கிளப்பி, பனையோலையைச் சடசடக்க வைக்கிற காற்றுக்குச் சோளகம் என்று பெயர். மார்கழியில் உடம்பைக் கூசவைத்து வருவது வாடை. வல்வெட்டித்துறையில் தைப்பொங்கலன்று பட்டங்களை மேலே தூக்குவது அந்தப் பக்கத்துக் காற்றுத்தான். கொண்டல், கச்சான் என்று கடலுக்குப் போகிறவர்கள் இன்னும் பிரித்துச் சொல்வார்கள். ஒரு மீனவரின் பிள்ளைக்கு இந்த நாலு பெயரும் தெரியும். எந்தக் காற்றுக்கு அப்பா தொழிலுக்குப் போகமாட்டார் என்றும் தெரியும். அந்தப் பிள்ளை பாடசாலைக்கு வந்து எழுதுவது: ‘தென்றல் வீசியது.’ தென்றல் நல்ல சொல், நானும் விரும்புகிற சொல். ஆனால் அந்தப் பிள்ளை கையில் நாலு காற்று வைத்திருக்கிறது, நாங்கள் அதைப் பறித்துவிட்டு ஒன்றைக் கொடுக்கிறோம்.

ஓய்வுபெற்ற பிறகு எங்கள் ஊர் வாசிகசாலையில் சனிக்கிழமை பின்னேரங்களில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளோடு இருக்கிறேன். காசும் இல்லை, பரீட்சையும் இல்லை. அங்கேதான் நான் படிப்பிக்கப் பழகினேன் என்று சொன்னால் சிரிக்காதீர்கள்.

ஆவணியில் ஒருநாள் ஒரு பனங்காயைக் கொண்டுபோய் மேசையில் வைத்தேன். விழுந்து ஒருநாள் ஆன பழம், ஒரு பக்கம் மாடு சப்பியிருந்தது. “இதைப் பற்றி எழுதப் போறம். ஆனா இண்டைக்கு எழுதுறேல்லை, கதைக்கிறதுதான்” என்றேன். முதல் கையைத் தூக்கிய பிள்ளை சொன்னது: “பனங்காய் அழகான கறுப்பு நிறமுடையது. இது எமக்கு இயற்கை தந்த கொடையாகும்.” பிள்ளையைக் குறை சொல்ல முடியாது, வாயைத் திறந்தால் கட்டுரை வருகிறது. அன்றைக்கு ஒரு சட்டம் போட்டேன். ‘அழகான’, ‘மிகவும்’, ‘சிறந்த’ மூன்று சொல்லும் இன்றைக்குக் கூடாது. சொன்னால் எழும்பி வாசிகசாலையை ஒரு சுற்று ஓடிவர வேண்டும். முதல் பத்து நிமிசம் பிள்ளைகள் ஓடிக்கொண்டே இருந்தன.

பிறகுதான் பழத்தைப் பார்க்கத் தொடங்கின. கறுப்பு என்று சொன்ன பிள்ளையே, “முழுக்கக் கறுப்பில்லை ரீச்சர், அடியிலை மண்ணிறம், சப்பின இடத்திலை மஞ்சள்” என்றது. மணந்து பார்த்து ஒருவன், “எங்கடை அப்பம்மான்ரை குசினி மணக்குது” என்றான். பனங்காய்ப் பணியாரம் சுட்ட வீடு என்று எல்லாருக்கும் விளங்கியது, அவன் பணியாரம் என்ற சொல்லைச் சொல்லவே இல்லை. தும்பைப் பிய்த்து இழுத்த ஒரு சின்னவள், “ஆச்சியின்ரை தலைமயிருக்கு மஞ்சள் பூசினது போல” என்றாள். பல்லுக்குள் தும்பு மாட்டுவதைப் பற்றி ஒரு வாக்குவாதம் நடந்தது. களியைப் பிசைந்து பாயில் ஊற்றிப் பனாட்டுப் போடுவதை ஒரு பெடியன் நடித்தே காட்டினான். விதையைப் பாத்தியில் புதைத்தால் கிழங்கு வரும் என்று தெரிந்த பிள்ளைக்கு, கிழங்கு கிண்டும்போது கை எரியுமா எரியாதா என்று சண்டை. ஒரு மணித்தியாலம் போனது தெரியவில்லை.

அடுத்த சனிக்கிழமை கொப்பியைக் கொடுத்தேன். பனங்காய் மேசையில் இல்லை. ஆனால் எல்லார் கட்டுரையிலும் மணந்தது.

இதில் ஒரு வித்தையும் இல்லை. கேட்டல், பேசுதல், வாசித்தல், எழுதுதல் என்று நாங்களே வரிசைப்படுத்தி வைத்திருக்கிறோம். கட்டுரை என்று வந்தவுடன் முதல் மூன்றையும் தாண்டி நாலாவதில் பிள்ளையை உட்கார்த்துகிறோம். வாயால் வராதது பென்சிலால் வருமா? கண்ணால் பார்த்து, மூக்கால் மணந்து, பக்கத்துப் பிள்ளையோடு சண்டை பிடித்து வந்த சொல்தான் தாளில் இறங்கும்.

கற்பனைக் கட்டுரைகளின் கதையும் இதுதான். ‘நான் ஒரு குடை’, ‘நான் ஒரு பேனை’, ‘நான் ஒரு சைக்கிள்’. எல்லாருடைய வாழ்க்கையும் ஒன்று: தொழிற்சாலையில் பிறந்தேன், கடைக்கு வந்தேன், ஒருவர் என்னை வாங்கினார், நன்றாக உழைத்தேன், பழுதாகினேன், இப்போது குப்பைமேட்டில் கிடக்கிறேன். எத்தனை ஆயிரம் குடைகளை இந்தக் குப்பைமேட்டில் நாங்கள் எறிந்திருப்போம்! வாசிகசாலையில் ஒரு பிள்ளையிடம், “நீ குடையெண்டால் உனக்கு என்ன தெரியும்?” என்று கேட்டேன். குடையை விரித்துப் பிடித்து அண்ணாந்து பார்த்தது, பிறகு சொன்னது: “எனக்கு ரீச்சரின்ரை வகிடு மட்டும்தான் தெரியும். மழை பெய்யுறது முதுகிலை.” அதற்குப் பிறகு அந்தக் கட்டுரைக்கு நான் ஒன்றும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

இனி மொழி. இதில் உங்களில் சிலருக்கு என்னோடு கோபம் வரும்.

எங்கள் பிள்ளை வீட்டில் பேசுவது ஒரு தமிழ், எழுதுவது இன்னொரு தமிழ். அது எல்லாத் தமிழருக்கும் உள்ளதுதான். எழுத்துத் தமிழைப் பிள்ளை கட்டாயம் படிக்கவேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் கட்டுரையில் ஆச்சி பேசினால் ஆச்சி மாதிரிப் பேசட்டும். ‘“மகனே, நீ எங்கே செல்கிறாய்?” என்று பாட்டி வினவினார்’ என்று எழுதிய பிள்ளையின் பாட்டியை எனக்குத் தெரியும். அந்த மனுசி வாழ்க்கையில் ஒருநாளும் யாரிடமும் எதையும் வினவியதில்லை. “உங்கை எங்கையடா போறாய்?” என்றுதான் கேட்டிருப்பா.

அந்த ‘உங்கை’யைக் கவனியுங்கள். அ, இ, உ மூன்றும் சுட்டெழுத்துகள் என்று நாங்கள் படிப்பிக்கிறோம். அது, இது, உது. அவன், இவன், உவன். தமிழ்நாட்டுப் பேச்சில் மூன்றாவது எப்போதோ போய்விட்டது. எங்கள் பேச்சில் இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது. கேட்பவருக்குக் கிட்ட இருக்கும் பொருளைக் காட்ட ‘உது’ என்று எங்கள் மூன்று வயதுப் பிள்ளை பிசகாமல் சொல்லும். என் கண்ணால் கண்ட ஒரு கொப்பியில், “உது என்ன பெட்டி?” என்று ஒரு பிள்ளை எழுதியதைச் சுழித்து ‘அது’ என்று திருத்தியிருந்தது. எந்தப் பாடசாலை, யார் என்று சொல்லமாட்டேன், அந்த இடத்தில் நானாக இருந்தாலும் ஒருகாலத்தில் அதைத்தான் செய்திருப்பேன். இலக்கணப் பாடத்தில் உகரச் சுட்டுக்கு உதாரணம் கேட்டால் அந்தப் பிள்ளை முழிக்கப் போகிறது. ஏனென்றால் தன் வாயில் இருந்ததை நாங்கள் பிழை என்று சொல்லிவிட்டோம்.

படலை, வளவு, கதியால், துலா, ஒழுங்கை, திறப்பு, பின்னேரம். இவற்றை ‘வட்டார வழக்கு’ என்று ஒதுக்கி ‘வாயில்’, ‘சாவி’, ‘மாலைப்பொழுது’ என்று மாற்றினால் கட்டுரை யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்டுவிடும். போகிற இடமும் தெரியாது. நவாலியூர் சோமசுந்தரப் புலவர் (1878–1953) ஆடிப்பிறப்பைப் பற்றிப் பிள்ளைகளுக்குப் பாடியதை நாங்கள் எல்லாரும் பாடமாக்கினோம். அதில் ஆடிப்பிறப்பு தமிழரின் சிறப்பான பண்டிகை என்று ஒரு வரி கிடையாது. நாளைக்குப் பள்ளிக்கூடம் இல்லை என்ற சந்தோசமும், கூழும் கொழுக்கட்டையும் எப்படிச் செய்கிறார்கள் என்பதும்தான் இருக்கிறது. அரிசி இடிக்கிறதும் பயறு வறுக்கிறதும் வருகிறது. இத்தனை தலைமுறைக்குப் பிறகும் அதைப் பாடும்போது வாய் ஊறுகிறது. எங்கள் மாதிரிக் கட்டுரைகளில் யாருக்காவது வாய் ஊறியிருக்கிறதா?

எழுத்துப் பிழைகளைப் பற்றியும் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் நான் பொறுப்பில்லாமல் பேசுகிறேன் என்பீர்கள். என் பேத்தியை அந்த மழையைப் பற்றித் திரும்ப எழுதச் சொன்னேன். எழுதினாள். முதல் வசனம்: “எங்கள் ஒழுங்கையில் வெல்லம் ஓடியது.” எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. “அப்ப கூழ் காய்ச்சலாம் பிள்ளை, சக்கரை வேண்டத் தேவையில்லை” என்றேன். அவளும் விளங்கிக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தாள். இனி அவளுக்கு வெள்ளமும் வெல்லமும் சாகும்வரை மாறாது. ஆனால் நான் அதைச் சொன்னது முழுக் கட்டுரையையும் சத்தமாக வாசிக்க வைத்து, நாயும் கோழியும் படுத்திருந்த இடத்தைப் பற்றி இரண்டு கேள்வி கேட்ட பிறகுதான். கொப்பியைத் திறந்தவுடனே ற-ர, ண-ன, ல-ள எல்லாவற்றையும் சிவப்பாக்கினால், பிள்ளை அடுத்த முறை தனக்கு நிச்சயமாக எழுதத் தெரிந்த சொற்களை மட்டும்தான் எழுதும். ‘கொப்பளித்தல்’ எழுதப் பயந்து ‘கத்தின’ என்று விட்டுவிடும். முதலாம் எழுத்தில், அதாவது பிள்ளை முதல் தடவை எழுதியதில், சொன்ன விசயத்தைப் பாருங்கள். பிழைகளுக்கு இரண்டாம் எழுத்து இருக்கிறது. அப்போதும் ஒரு தடவைக்கு ஒரு வகைப் பிழை போதும், இந்தக் கிழமை ல-ள, வாற கிழமை ற-ர.

ஆசிரியர்களே, உங்களுக்கு எத்தனை பிள்ளைகள், எத்தனை படிவங்கள், எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியும். நகரத்தில் ஒரு வகுப்பில் நாற்பதுக்கு மேல். தீவகத்தில் சில இடங்களில் முழுப் பாடசாலைக்குமே அவ்வளவு இல்லை, ஒரே ஆசிரியர் இரண்டு தரத்தைப் பார்க்கிறார். நாற்பது கொப்பி திருத்துகிறவருக்கு ‘இரண்டாம் எழுத்து’ என்று நான் சொல்வது எரிச்சலாக இருக்கும். அதனால் ஒரு சின்ன வேலை சொல்கிறேன், வாசிகசாலையில் செய்து பார்த்தது. நாளுக்கு ஒரு வசனம். பாடசாலைக்கு வருகிற வழியில் இன்றைக்குப் புதிதாகக் கண்ட ஒன்று, ஒரே ஒரு வசனத்தில், இடாப்புக் கூப்பிடுகிற நேரத்தில் எழுதவேண்டும். திருத்தத் தேவையில்லை. நாலைந்து பேரை வாசிக்கவிட்டால் போதும். முதல் கிழமை ‘நான் இன்று ஒரு நாயைக் கண்டேன்’ என்று வரும். இரண்டாம் கிழமை, ‘பஸ்ஸுக்கு நிற்கிற மாமா செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்’ என்று வரும். ஏன் கழற்றினார் என்று வகுப்பே கேட்கும். அங்கே ஒரு கதை தொடங்கிவிட்டது.

நடுவர்களிடம் கேட்பது கொஞ்சம் கூட. பாடசாலை, கோட்டம், வலயம், மாகாணம், தேசியம் என்று ஏறிப்போகிற போட்டியில் நீங்கள் எதற்குப் புள்ளி போடுகிறீர்களோ அதைத்தான் அடுத்த வருசம் ஊரெல்லாம் பாடமாக்கும். எந்தச் சுற்றறிக்கையையும் விட உங்கள் சிவப்புப் பேனைக்குப் பலம் கூட. ஆகவே (பாருங்கள், எனக்கும் பழக்கம் விடவில்லை) பத்துக் கட்டுரையில் அருவி பாய்ந்தால், பதினோராவதில் ஒரு பிள்ளை கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தால், அந்தப் பிள்ளையின் கட்டுரையைத் தெரிந்தெடுங்கள். அதற்கு முன்னுரை இல்லாமல் இருக்கலாம், ‘ஓடிச்சுது’ என்று ஓரிடத்தில் எழுதியிருக்கலாம். இரண்டு கட்டுரையில் ஒரே வசனம் வந்தால் அந்த வசனத்துக்குப் புள்ளி கொடுக்காதீர்கள், எவ்வளவு செந்தமிழாக இருந்தாலும். பிள்ளைகளைத் தண்டிக்கச் சொல்லவில்லை, அந்த வசனத்தை எழுதிக்கொடுத்த எங்களைத் தண்டியுங்கள். முடிந்தால் முடிவு அறிவிக்கிற அன்றைக்கு முதலாமிடக் கட்டுரையைச் சபையில் வாசியுங்கள், எந்த வசனத்துக்காகக் கொடுத்தோம் என்றும் சொல்லுங்கள். பின்வரிசையில் இருக்கிற ரியூசன் ஆசிரியர் கேட்டுக்கொண்டு போவார்.

தலைப்புகளையும் ஒருக்கால் பாருங்கள். ‘சுற்றாடலைப் பாதுகாப்போம்’ என்று கொடுத்தால் ஒன்பது வயதுப் பிள்ளை பேச்சாளர் ஆகிவிடும், வேறு வழி அதற்கு இல்லை. ‘எங்கள் படலை’ என்று கொடுங்கள். ‘கரண்ட் நின்ற இரவு’ என்று கொடுங்கள். குறிகட்டுவானில் படகுக்கு நிற்கும்போது கண்டது, நல்லூர்த் தேரன்று தொலைத்த பொருள், அம்மம்மாவின் கை, வீட்டில் யாருக்கும் தெரியாமல் நான் வைத்திருக்கும் ஒன்று. கடைசித் தலைப்பை வாசிகசாலையில் கொடுத்தபோது ஒரு பிள்ளை மூன்று பக்கம் எழுதிவிட்டு, “வாசிக்கமாட்டன்” என்று கொப்பியை மூடிக்கொண்டது. நானும் கேட்கவில்லை.

எங்கள் வாசிகசாலை சனிக்கிழமை மூன்று மணிக்குத் திறக்கும். யாராவது வந்து பார்க்க விரும்பினால் வாருங்கள். அலுமாரிச் சாமானெல்லாம் தேவையில்லை, வழியில் கிடக்கிற ஏதாவது ஒன்றைப் பொறுக்கிக்கொண்டு வந்தால் போதும், அன்றைக்கு அதைப் பற்றிக் கதைப்போம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆரம்பப்பிரிவு ஆசிரியை ஒருவர்,
வலிகாமம்.

பின்குறிப்பு: பேத்தியின் இரண்டாம் கட்டுரையை வாசித்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள், அதனால் இங்கேயே எழுதிவிடச் சொன்னாள். பாட்டா கிடைத்துவிட்டது. தண்ணீர் வற்றிய பிறகு, நாலு வீடு தள்ளி, ஒரு பூவரசங் கதியாலுக்கு அடியில் செருகிக் கிடந்தது. அதற்குள் ஒரு தவளை இருந்ததாம்.